வீடு வைத்த பெயர்கள்

வங்கி ஊழியனுக்குப் பண்டிகை என்பது முதலில் ஒரு பட்டியல். 1881-ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின்படி அரசு வருஷாவருஷம் வெளியிடும் பட்டியல். அதில் இருக்கும் நாளில் கவுண்டர் மூடியிருக்கும். அதில் இல்லாத நாளில் எந்தக் கடவுள் பிறந்தாலும் இறந்தாலும் பேரேடு திறந்துதான் ஆகவேண்டும். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டியலில் இல்லாத பண்டிகைகள் எப்படி உயிரோடிருக்கின்றன என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. பாடப்புத்தகம் அவற்றைச் சொல்வதில்லை. தெருவில் கொட்டுமேளம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அப்படி ஒரு நாள் இருப்பதே தெரியாது. பிறகு யார் அதை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கிறார்கள்? வீடு ஒன்றுதான் மிச்சம். அந்த வீடு என்ன சொல்லிக்கொடுக்கிறது, எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது என்பதுதான் விஷயம்.

செஞ்சிப் பக்கத்தில் வேலை பார்ப்பவனுக்கு இது ஏட்டுக் கேள்வியல்ல. மாதிரிக் கையெழுத்து அட்டைகளைப் புரட்டினால் நயினார் என்று முடியும் பெயர்கள் வந்துகொண்டேயிருக்கும். தொண்டூர், அகலூர், மேல்சித்தாமூர் வட்டாரத்துத் தமிழ்ச் சமணர்கள். தொண்டூர்ப் பாறையில் சமண முனிவர்களுக்கு வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. பார்சுவநாதர் உருவம் இருக்கிறது. தமிழ் பிராமி எழுத்தில், இளங்காயிபன் ஏவ மோசி என்பவன் செய்தது என்று பொருள்படும் கல்வெட்டும் இருக்கிறது. சுமார் 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதில் வரும் அகலூர் இன்றும் அதே பெயரில் ஓர் ஊர். பாறையைத் தொல்பொருள் இலாகா பார்த்துக்கொள்ளும். சூரியாஸ்தமனத்துக்குப் பிறகு சாப்பிடக் கூடாது என்பதை எந்த இலாகா பார்த்துக்கொள்ளும்? தீபாவளியன்று ஊரெல்லாம் நரகாசுரனைக் கொன்றுகொண்டிருக்கும்போது, நாம் விளக்கேற்றுவது மகாவீரர் முக்தியடைந்த நாள் என்பதற்காக என்று ஒரு தாய் குழந்தையிடம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. விளக்கு ஒன்றே, காரணம் வேறு. அந்தக் காரணத்தைச் சொல்ல மறந்த வருஷம் விளக்கு மாத்திரம் மிஞ்சும்.

இந்தப் பிரச்னையை ஏறக்குறைய ஒரு பரிசோதனைச் சாலையில் வைத்துப் பார்ப்பதுபோல் பார்க்க நம் தேசத்திலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. அது யூதர்களுடையது.

யூத மரபு புஸ்தக மரபு என்பது பொதுவான எண்ணம். ஆனால் அதன் முக்கியமான பண்டிகை கோயிலில் அல்ல, சாப்பாட்டு மேஜையில் நடக்கிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்து வெளியேறியதை நினைக்கும் பஸ்கா இரவு அது. நம் விவிலிய மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் என்று அழைக்கப்படும் நூல், பிள்ளை கேட்டால் தகப்பன் சொல்ல வேண்டும் என்று விதிக்கிறது. அதன்படி அன்றிரவு படிக்கும் ஹகதா என்ற நூல் முழுவதும் ஒரு கேள்வி பதில் ஏற்பாடு. வீட்டின் கடைக்குட்டி கேட்கவேண்டும்: இந்த இரவுக்கு மட்டும் என்ன விசேஷம்? புளிக்காத அப்பம் எதற்கு, கசப்புக் கீரை எதற்கு? மேஜையில் வைப்பதெல்லாம் கேள்வியைக் கிளப்புவதற்காகவே வைக்கப்படுகின்றன. உப்புத் தண்ணீர் கண்ணீர். பழமும் பருப்பும் அரைத்த விழுது அடிமைகள் குழைத்த சாந்து. குழந்தை தூங்கிவிடக் கூடாதென்று அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்துவைத்துத் தேடச் சொல்கிறார்கள். அந்நூல் நான்கு வகைப் பிள்ளைகளைச் சொல்கிறது: ஞானி, துஷ்டன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். நாலாமவனுக்கு என்ன பதில்? அவன் கேட்கும்வரை காத்திராமல் நீயே பேச்சை ஆரம்பி என்பதுதான். கல்விமுறை பற்றி இவ்வளவு குறைந்த வார்த்தைகளில் இவ்வளவு சொன்ன நூல்கள் அதிகமில்லை என்று எனக்குப் படுகிறது.

சரி, புஸ்தகம் இருக்கிறவனுக்கு இது சுலபம். புஸ்தகம் தொலைந்துபோனவன் என்ன செய்வான்?

கொங்கணக் கரையில் பெனே இஸ்ரேல் என்றொரு சமூகம் உண்டு. இஸ்ரேலின் மக்கள் என்று பொருள். அலிபாகுக்குப் பக்கத்தில் நவ்காவ் என்ற இடத்தில் கப்பல் உடைந்து, தப்பிய 7 ஆண்களும் 7 பெண்களும் தங்கள் மூதாதையர் என்பது அவர்கள் சொல்லும் கதை. புஸ்தகங்கள் கடலோடு போயின. ஹீப்ரு மறந்தது; மராத்தி பேசினார்கள். கிராமம் கிராமமாகச் சிதறிச் செக்காட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களுக்கு 'சன்வார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்று பெயர் வைத்தார்கள். நம் பக்கம் போல ஜாதியோடு தொழில் ஒட்டிக்கொண்ட ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றச் செக்குகள் கிறீச்சிட்டுக்கொண்டிருக்க, ஒரு வீட்டில் மாடு அவிழ்த்துவிடப்பட்டு நிற்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு மேல் பாடம் எதற்கு? நாம் வேறு என்பதை வாரத்துக்கு ஒருமுறை ஒரு மாடு சொல்லிக்கொடுத்தது.

மிஞ்சியவை இவ்வளவுதான்: ஓய்வுநாள், சுன்னத்து, உணவு விதிகள், சில பண்டிகைகள், ஷெமா என்ற ஒரே ஒரு ஹீப்ருப் பிரார்த்தனை. கல்யாணமானாலும் பிள்ளை பிறந்தாலும் அந்த ஒன்றைத்தான் சொன்னார்கள். பண்டிகைகளின் ஹீப்ருப் பெயர்கள் போய், வீட்டு மராத்தியில் வேறு பெயர்கள் வந்துவிட்டன. இந்தப் பட்டியலை ஹயீம் சாமுவேல் கேஹிம்கர் தம் சமூகத்தின் சரித்திரத்தில் பதிந்துவைத்திருக்கிறார். 1897-இல் எழுதி முடித்தது. 1937-இல்தான் டெல் அவிவில் அச்சேறியது. யூதர்களின் மகா விரத நாளான யோம் கிப்பூருக்கு அவர்கள் வைத்த பெயர் 'கதவடைப்புப் பண்டிகை'. வெள்ளை உடுத்தி, பட்டினியிருந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியாரோடு பேசாமல் இருக்கும் நாள். மறுநாள் 'பழையதுப் பண்டிகை'; பிச்சையிட்டு, உறவினர் வீடுகளுக்குப் போய் வரும் நாள். புது வருஷத்தை ஒட்டிப் புதுத் தானியத்தில் தேங்காய்ப்பால் விட்டுச் செய்யும் 'பாயசப் பண்டிகை'. ஜெருசலேம் ஆலயம் இடிந்ததற்குத் துக்கம் காக்கும் நாள், அன்று சமைக்கும் முளைகட்டிய மொச்சைக் குழம்பின் பெயரால் 'பிர்டியாச்சா சண்'. பூரிம் வரும் பருவத்தில் அக்கம்பக்கத்தில் ஹோலி நடக்குமாகையால் அதன் பெயரே ஹோலிப் பண்டிகை. பஸ்காவுக்கு 'அனாஸ் மூடும் பண்டிகை'. அனாஸ் என்பது தொட்டுக்கொள்ளும் ஒரு புளிப்புத் திரவம். அந்தச் சாடியை மூடிவைக்கும் நாள்.

இந்தக் கடைசிப் பெயரில் சற்று நிற்க வேண்டும். பஸ்காவின் விதி புளித்த மாவை வீட்டிலிருந்து அகற்றுவது. கொங்கணத்தில் தினசரி உணவு சோறு. புளித்த அப்பமே இல்லாத வீட்டில் எதை அகற்றுவது? ஆனாலும் அந்த வாரத்தில் புளிப்புக்கு இடமில்லை என்பது மாத்திரம் எப்படியோ நினைவிருக்கிறது. யாரோ ஒரு பெண், வீட்டில் புளிப்பாக இருந்த ஒரே வஸ்துவைக் கண்டு மூடிவைத்தாள். எகிப்து மறந்துவிட்டது, மோசே மறந்துவிட்டது, காரணம் முழுவதும் மறந்துவிட்டது; மூடி மறக்கவில்லை. இதை மூடப் பழக்கம் என்று ஒதுக்கத் தோன்றுவது இயல்பே. எனக்கு இது ஒரு வாசிப்பு என்று தோன்றுகிறது. பிரதி இல்லாத இடத்தில் நிகழ்ந்த பிரதி வாசிப்பு.

இந்தச் சமூகத்தைப் புஸ்தகம் மறுபடி கண்டுபிடித்த கதையும் அடுப்படியில்தான் நடக்கிறது. டேவிட் ரஹாபி என்ற யூத அறிஞர் வந்தார். இவர்கள் யூதர்கள்தானா என்று பார்க்கப் பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னார். அவர்கள் செதிலும் துடுப்பும் இல்லாத மீன்களைத் தனியே ஒதுக்கிவிட்டார்கள் என்பது அவர்களது ஐதீகம். வேத விதி அதுதான். இது எக்காலம் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. கொச்சியில் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டேவிட் ரஹாபியே அவர் என்று சரித்திரக்காரர்கள் சிலர் எண்ணுகிறார்கள். காலம் எதுவானாலும் பரீட்சை நடந்த இடத்தைக் கவனியுங்கள். தேர்வு எழுதியவர்கள் பெண்கள். விடைத்தாள் ஒரு கூடை மீன். பிறகு ரஹாபி மூன்று ஆண்களுக்கு மதக் கல்வி கொடுத்துக் காஜிகளாக்கிவிட்டுப் போனாராம். தேறியவர்கள் பெண்கள், பட்டம் பெற்றவர்கள் ஆண்கள். இது நமக்கும் பழக்கமான விஷயம்தான்.

அதன்பின் ஸ்தாபனங்கள் வந்தன. பம்பாயில் முதல் ஜெபாலயம் 1796-இல். 1832-இல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் வில்சன் மராத்தி மூலம் ஹீப்ரு கற்க இலக்கண நூல் எழுதினார். மதம் மாற்ற வந்தவர்களின் பள்ளிகளில் இவர்கள் தங்கள் பாஷையைக் கற்றுக்கொண்டு, மதம் மாறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மிகச் சிலரே மாறினார்கள். சமூகமே 1875-இல் பம்பாயில் தனக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. அதில் கேஹிம்கருக்குப் பெரும் பங்கு உண்டு. 1874-இல் பூனாவில் மராத்தி மொழிபெயர்ப்போடு அச்சான ஹகதாவில், அப்பம் சுடும் பெண்கள் புடவை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தொலைந்த புஸ்தகம் திரும்பி வந்தபோது இந்தப் பெண்கள் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இதற்கு நேர்எதிரான ஓர் உதாரணம் நம் சென்னையில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துகல் வழிவந்த யூத வியாபாரிகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை அண்டி வைரமும் பவளமும் வியாபாரம் செய்தார்கள். 1688-இல் மதராஸ் மாநகராட்சி ஏற்பட்டபோது அதன் ஆல்டர்மேன்களில் யூதர்களும் இருந்தார்கள். லண்டனோடு தொடர்பு, பணம், பதவி எல்லாம் இருந்தன. புஸ்தகத்துக்குக் குறைவில்லை. வைர வியாபாரம் இடம் மாறியது, அவர்களும் கரைந்துபோனார்கள். பவளக்காரத் தெரு என்ற பெயரும், லாயிட்ஸ் சாலையில் ஒரு சிறு கல்லறைத் தோட்டமும் மிச்சம். அவர்கள் வந்தது வியாபாரத்துக்கு. வேர்விட்ட குடும்பங்களாக, தலைமுறைகளாக இங்கு அவர்கள் தங்கவில்லை. அலிபாக் செக்கார்களிடம் கல்லறையில் எழுத ஓர் எழுத்துக்கூட இல்லை. ஆனால் சனிக்கிழமை இருந்தது, அதைப் பார்த்து வளர ஒரு குழந்தை இருந்தது.

இதை மாத்திரம் சொல்லி நிறுத்திக்கொண்டால் வீட்டைப் பற்றிய ஒரு பக்திப் பாடலாகிவிடும். வீடு வேறு சிலவற்றையும் சொல்லிக்கொடுக்கிறது. அதைக் கொச்சியில் பார்க்கலாம்.

கொச்சி யூதர்களிடம் புஸ்தகமும் இருந்தது, வீடும் இருந்தது. பாஸ்கர ரவிவர்மன் சுமார் 1000-ஆம் ஆண்டில் ஜோசப் ரப்பானுக்குப் பகல் விளக்கு, பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் பாஷை தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்துப் பாஷை. 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம் இன்றும் மட்டாஞ்சேரியில் நிற்கிறது. இங்கே பெண் குழந்தைகளும் ஹீப்ரு வாசிக்கக் கற்றார்கள். அதற்கும் மேல் ஒரு காரியம் செய்தார்கள். விவிலியக் கதைகளையும் பண்டிகைக் கதைகளையும் மலையாளப் பாட்டுகளாகப் பாடி, நோட்டுப் புத்தகங்களில் கைப்பட எழுதிக்கொண்டார்கள். தாயிடமிருந்து மகள் பிரதி எடுத்துக்கொள்வாள். ஆண்களின் சுருளில் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. பெண்களின் நோட்டில் மாறிக்கொண்டேயிருந்தது. பஸ்காவுக்கு வெகுநாள் முன்பே வீட்டை வெள்ளையடித்து, பாத்திரம் துலக்கி, அரிசியை மணிமணியாகப் பொறுக்குவார்கள்.

இந்த மணிமணியான சுத்தம் மனிதர்கள் மேலும் பாய்ந்தது. பரதேசி யூதர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள், கலப்பில் பிறந்தவர்கள், இவர்களின் சந்ததியார் யூத விதிகளையெல்லாம் கடைப்பிடித்தும் ஜெபாலயத்துக்குள் சமமாக உட்கார முடியவில்லை. முன்கூடத்தோடு சரி. மண உறவிலும் விலக்கு. அந்தப் பிரிவில் பிறந்த வக்கீல் ஏ.பி. சேலம் (1882–1967) காந்திய முறையில் சத்யாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. அதே பிரிவின் ரூபி டேனியல் (1912–2002), 1995-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் இந்த அவமானத்தையும் எழுதினார், பெண்களின் பாட்டுகளையும் மொழிபெயர்த்தார். இரண்டையும் ஒரே கை செய்ததுதான் முக்கியம். கொங்கணத்திலும் வெள்ளை இஸ்ரேல், கறுப்பு இஸ்ரேல் என்ற பிரிவினை உண்டு. அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான கதையை வருஷந்தோறும் பிள்ளைக்குச் சொன்ன வீடுகள், கேரளத்து மண்ணிலும் மராட்டிய மண்ணிலும் ஜாதியையும் கூடவே ஊட்டின. கதை வாய்ச்சொல்லாக இருந்தது. ஜாதி, யார் எங்கே உட்காருவது என்ற ஏற்பாடாக இருந்தது. குழந்தைகள் இரண்டாவதைத்தான் சுலபமாகக் கற்றுக்கொள்கின்றன.

1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். அங்கே பெனே இஸ்ரேலுக்கு இன்னொரு பரீட்சை காத்திருந்தது. விவாகரத்து பற்றிய புஸ்தக விதிகள் தெரியாமலே இவர்கள் நூற்றாண்டுகளாக மணந்திருக்கிறார்கள், ஆகவே மற்ற யூதர்கள் இவர்களை மணப்பதற்குமுன் வம்சாவளியை விசாரிக்க வேண்டும் என்று 1962-இல் தலைமை ரப்பிகள் உத்தரவிட்டார்கள். ரஹாபி மீனைக் கொடுத்துப் பார்த்தார். இவர்கள் காகிதத்தைக் கேட்டார்கள். பெனே இஸ்ரேல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடியபிறகு, 1964 ஆகஸ்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இவர்கள் எல்லா விதத்திலும் யூதர்களே என்று அறிவித்தது. வீட்டு அறிவு எவ்வளவு உறுதியானதானாலும் சாட்சிக் கூண்டில் அதற்கு வாயில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. ஹனுக்கா என்ற தீபத் திருநாள் பழைய வீட்டுப் பட்டியலில் இல்லாததை வைத்து, அந்தப் பண்டிகை தோன்றுவதற்கு முன்பே, அதாவது கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே, தங்கள் முன்னோர் புறப்பட்டிருக்க வேண்டும் என்று வாதித்தார்கள். இது நிரூபணமல்ல. ஆனால் அடுப்படியைத் தவிர வேறு ஆவணம் இல்லாதவர்களுக்கு வேறென்ன வழி?

இந்தச் சமூகத்தில் பிறந்த நிஸிம் எஸகியல் (1924–2004) இங்கிலீஷில் எழுதிய கவிஞராக நமக்குப் பழக்கமானவர். தந்தை தாவரவியல் பேராசிரியர், தாய் பள்ளிக்கூடம் நடத்தியவர், நவீனமான வீடு. அவருடைய 1982-ஆம் வருஷத் தொகுதியின் பெயரிலேயே சங்கீதங்கள் என்ற சொல் வருகிறது. பழைய வேதத்தின் சங்கீதங்களோடு விவாதம் செய்யும் கவிதைகள். நம் சிறுபத்திரிகைகளில் மரபு பற்றி வாதிடும்போது, அதை ஏற்பதா மறுப்பதா என்றே பேசுகிறோம். விவாதம் செய்வதும் ஒப்படைப்பில் ஒரு வகை என்பதை மறந்துவிடுகிறோம். ஹகதாவின் துஷ்டப் பிள்ளைக்கும் மேஜையில் இடம் உண்டு. கடுமையான பதில்தான் கிடைக்கும், ஆனால் அவனை எழுந்து போகச் சொல்வதில்லை.

செஞ்சிப் பக்கத்துக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1478-இல் செஞ்சி அதிபதி ஒருவன் சமணர்களைத் தலைவெட்டச் சொன்னதாகவும், பலர் நீறு பூசிக்கொண்டு தப்பியதாகவும், வேலூர் என்ற கிராமத்தில் ஒருவர் மாத்திரம் தம் அனுஷ்டானங்களை மறைவாகச் செய்துகொண்டிருந்து பிடிபட்டதாகவும் 1906-ஆம் வருஷத்துத் தென்னாற்காடு கெஸட்டியர் எழுதிவைத்திருக்கிறது. அதிபதிக்கு அன்று குழந்தை பிறந்திருந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டானாம். அவர் சிரவணபெளகுளம் போய்த் துறவியாகித் திரும்பி வந்து, பழைய மக்களை மீட்டார் என்பது கதை. வருஷமும் அரசனும் சரித்திரத்தில் நிற்குமா என்பது வேறு விஷயம். மீட்க வந்தபோது மீட்பதற்கு ஏதோ மிஞ்சியிருந்தது என்பதுதான் கதையின் சாரம். நீறு பூசிய நெற்றிகளுக்குப் பின்னால், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்ட வீடுகள் இருந்திருக்க வேண்டும்.

இஸ்ரேலில் இன்று யோம் கிப்பூர் தேசமே அனுஷ்டிக்கும் விடுமுறை. கடை, சாலை, விமான நிலையம் எல்லாம் அடைந்துவிடுகின்றன. கதவடைப்புப் பண்டிகை என்ற பெயருக்கு அங்கே வேலையில்லை. பள்ளிக்கூடமே குழந்தைக்குச் சரியான ஹீப்ருப் பெயரைச் சொல்லிவிடுகிறது. எலியா தீர்க்கதரிசியை நினைத்து அவலும் தேங்காயும் பழமும் கலந்து படைக்கும் மலிதா மட்டும் பெனே இஸ்ரேல் வீடுகளில் தொடர்கிறது. அது எந்தப் பட்டியலிலும் இல்லாதது. அதனால் அங்கே பிறந்த குழந்தை, இது எதற்கு என்று இன்னும் வீட்டில்தான் கேட்டாக வேண்டும்.